சத்திரங்கள் இருந்த வழியில் தனுஷ்கோடிக்கு: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஓர் அறக்கட்டளைக்கு நிதி திரட்ட, சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை தனியாக சைக்கிளில் போக ஆசை. கிழக்குக் கடற்கரைச் சாலையை அப்படியே பிடித்தால் நாலு நாளில் முடித்துவிடலாம் என்கிறார்கள். அப்படியே போகலாமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: போகலாம், ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. சிதம்பரம் வரை கடற்கரைச் சாலையில் போங்கள். அப்புறம் உள்ளே திரும்பி கும்பகோணம், தஞ்சாவூர், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை என்று போய், சேதுபாவாசத்திரம் பக்கம் மறுபடி கடற்கரைக்கு வாருங்கள். மொத்தம் ஏறக்குறைய 600 கிலோமீட்டர் வரும், ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

ஏன் இந்தச் சுற்று என்றால், தஞ்சாவூருக்குத் தெற்கே ராமேஸ்வரம் போகும் வழி முழுக்க, நடந்தே போன யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரம் சத்திரமாகக் கட்டி வைத்திருந்தார்கள். சேதுபாவாசத்திரம் என்ற ஊர்ப் பெயரே அதைச் சொல்கிறதே! ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரம் இன்னும் நிற்கிறது, குதிரையும் யானையும் இழுக்கிற தேர் மாதிரி கல்லில் செதுக்கியிருக்கிறார்கள், சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு நிதானமாகச் சுற்றிப் பாருங்கள். இந்தச் சத்திரங்களின் வருமானத்தில் கை வைத்துவிடாதீர்கள் என்று 1801-ல் சரபோஜி, தஞ்சையில் இருந்த ஆங்கிலேயப் பிரதிநிதியான ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். வருகிறவர் எந்தச் சாதியானாலும் சாப்பாடு உண்டு, நோயாளிக்கு வைத்தியர் உண்டு, பிள்ளைகளுக்கு வாத்தியார் உண்டு, நடுராத்திரியில் மணி அடித்து, அதுவரை சாப்பிடாமல் விட்டுப்போனவர்களையும் கூப்பிட்டுச் சோறு போடுவார்கள் என்று அதில் விவரமாகச் சொல்கிறார். பிள்ளைகள் படிப்புக்காகப் பணம் திரட்டப் போகிற நீங்கள் இந்த வழியை விட்டுவிட்டுப் போனால் எனக்கு மனசு ஆறாது.

சேதுபாவாசத்திரத்துக்குப் பக்கத்திலேயே கடலோரத்தில் மனோரா இருக்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட அதே சரபோஜி எழுப்பிய கோபுரம் அது. மணமேல்குடி, மீமிசல், தொண்டி தாண்டினால் தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவபாஷாணம், அதாவது நவக்கிரகங்களாக வணங்கும் ஒன்பது கற்கள். ராமநாதபுரத்தில் சேதுபதி மன்னர்களின் அரண்மனையான ராமலிங்க விலாசத்துக்கு அரை நாளாவது கொடுங்கள், சுவர் ஓவியங்களை அவசரத்தில் பார்க்க முடியாது. பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கக் காற்று சைக்கிளைத் தள்ளும், பயமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டே போங்கள். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025-ல் திறந்த புதிய ரயில் பாலத்தைப் பார்க்க அதுதான் நல்ல வசதி. தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர்களைப் பார்த்துவிட்டு, இருட்டும் முன் ராமேஸ்வரம் திரும்பிவிட வேண்டும்.

ஜனவரி, பிப்ரவரியில் கிளம்பினால் வடகிழக்குக் காற்று பெரும்பாலும் முதுகுப் பக்கம் இருக்கும். பட்டுக்கோட்டைக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவே தங்குமிடத்தை முன்கூட்டியே போனில் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். இருட்டிய பிறகு ஓட்ட வேண்டாம். அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181 இரண்டு எண்களும் கைபேசியில் இருக்கட்டும், வீட்டில் ஒருவருக்கு லொகேஷன் போய்க்கொண்டே இருக்கட்டும்.

கேள்வி: அதே பயணத்துக்கு என் ஜிபே எண்ணையே போஸ்டரில் போட்டு, வந்த பணத்தை மொத்தமாகக் கட்டிவிடலாமா? கனடாவில் இருக்கிற சித்தப்பாவும் தருகிறேன் என்கிறார்.

பதில்: வேண்டவே வேண்டாம். போஸ்டரில் அறக்கட்டளையின் கணக்கும் க்யூ.ஆர். கோடும் மட்டும் இருக்கட்டும். உங்கள் மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால் கொடுத்தவர் பெயரில் ரசீது வராது. நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி பதிவு உள்ள அறக்கட்டளை என்றால் கொடுத்தவருக்கு நன்கொடைச் சான்றிதழ் தருவார்கள், அதை வைத்துப் பழைய வரித் திட்டத்தில் இருப்பவர்கள் சலுகை கேட்கலாம். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது, இதையும் போஸ்டரிலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள். சித்தப்பா இன்னும் இந்திய பாஸ்போர்ட்டில் இருந்தால் தன் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பலாம். கனடா குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்பு மட்டும்தான் அதை வாங்க முடியும். அறக்கட்டளையிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

லாட்ஜ், சாப்பாடு, டயர் எல்லாம் உங்கள் கைக்காசு. அதை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிட்டால், கொடுக்கிறவர்களும் தயங்காமல் கொடுப்பார்கள்.

கேள்வி: ராமநாதபுரம் பக்கம் கியர் சைக்கிளில் போனபோது அடுத்தடுத்து பஞ்சர். கடையில் காற்றும் அடிக்க முடியவில்லை. என்ன செய்வது?
– வாசகர், மதுரை

பதில்: சீமைக்கருவேல முள்தான். அந்த மாவட்டத்தில் சாலையோரத்தில் ஒதுங்கி நிறுத்தினாலே குத்திவிடும், அதனால் தார்ச்சாலையை விட்டு இறங்கும்போது சைக்கிளைத் தூக்கி வையுங்கள். உங்கள் டியூபில் இருப்பது மெல்லிய பிரெஸ்டா வால்வாக இருக்கும், அதற்கொரு சின்ன பித்தளை அடாப்டர் விற்கிறது, அதை மாட்டிவிட்டால் பெட்ரோல் பங்க் காற்றே போதும். இரண்டு டியூப் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். டியூபை மாற்றும் முன் டயரின் உள்பக்கத்தை ஒரு துணியால் முழுச் சுற்றும் துடைத்துப் பாருங்கள், முள்ளின் நுனி ஒடிந்து ரப்பருக்குள்ளேயே நின்றிருந்தால் துணி அங்கே மாட்டும். அதைப் பிடுங்காமல் புது டியூப் போட்டால் அதுவும் போய்விடும்.