சிம்பலை எறிந்ததால்தான் சார்லி பார்க்கர் உருவானாரா?

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு வயது 20. சென்னையில் கல்லூரியில் படித்துக்கொண்டே ஆல்ட்டோ சாக்ஸபோன் கற்கிறேன். ஜாஸ் வாசிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. என் சார் அருமையாக வாசிப்பவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் வகுப்பில் சின்னப் பிசகு வந்தாலும் எல்லார் முன்னாலும் "நீ எதுக்குடா வந்தே?" என்பார். போன மாதம் மாணவர்கள் சேர்ந்து வாசித்த நிகழ்ச்சியில் பாட்டின் நடுவே எனக்கு இடம் தவறிவிட்டது. மேடையை விட்டு இறங்கச் சொல்லிக் கையைக் காட்டினார். சிலர் சிரித்தார்கள். பிறகு அவர் முன்னால் போய் நின்றபோது, "சார்லி பார்க்கர் தலையைப் பார்த்து டிரம்ஸோட பித்தளைத் தட்டு, அந்த சிம்பலையே எறிஞ்சாங்க. அதனாலதான் அவர் பார்க்கர் ஆனார். தாங்க முடியலைன்னா விட்டுட்டுப் போ" என்றார்.

ஆல்ட்டோ சாக்ஸபோனில் ஜாஸ் வாசித்த அமெரிக்க மேதை அந்த பார்க்கர். அவர் நாளுக்கு 11 மணி நேரம் பயிற்சி செய்தார் என்று படித்தேன். நானும் அப்படியே முயல்கிறேன். உதடு புண்ணாகிவிட்டது. படிப்பு பின்தங்குகிறது, சரியாகத் தூங்குவதில்லை. வகுப்பு உள்ள நாளில் காலையிலேயே வயிற்றைப் பிசைகிறது. அம்மா விட்டுவிடச் சொல்கிறார். எனக்கு மனம் வரவில்லை. அவமானத்தைத் தாங்க முடியாதவன் கலைஞனாக முடியாதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் சார் சொன்ன கதையிலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் கதைதான் உங்களைப் பிடித்து ஆட்டுகிறது. அதில் பாதிதான் உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

1936-இல், அமெரிக்காவின் கான்சஸ் சிட்டி நகரத்து ரெனோ கிளப்பில் நடந்தது அது. பார்க்கர் அப்போது பதினைந்து, பதினாறு வயதுப் பையன். ஒத்திகை இல்லாமல் கலைஞர்கள் கூடி வாசிக்கும் ஜாம் செஷனில் ஏறி வாசித்தவர் நடுவில் தடம் புரண்டார். டிரம்ஸ் வாசித்த ஜோ ஜோன்ஸ் ஒரு சிம்பலைக் கழற்றி அவர் காலடியில் விழும்படி எறிந்தார். தலையைக் குறிவைத்து அல்ல. பக்கத்தில் இருந்து பார்த்த பேஸ் கலைஞர் ஜீன் ரேமி சொன்ன விவரம் இது. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள் என்பது உண்மைதான். இன்னொரு ஜாம் செஷனிலும் அவரைச் சிரித்தே விரட்டியிருக்கிறார்கள். அப்போது தனக்கு ஒரு பாட்டு முழுதாகவும் இன்னொரு பாட்டின் முதல் எட்டு பார்களும் (தாள அளவில் பிரித்த சிறு பகுதிகள்)தான் தெரியும், வெவ்வேறு கீ (சுருதி) இருக்கிறது என்பதே தெரியாது என்று பின்னாளில் பேட்டியில் அவரே சொன்னார். அவமானப்பட்ட ஒரு சமயம் வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு மூன்று மாதம் வாத்தியத்தையே தொடவில்லையாம்.

ஆக, அவமானத்தின் நேரடி விளைவு மூன்று மாத மௌனம். கீயும், ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டும் (chord) அதனால் அவருக்குப் புரிந்துவிடவில்லை.

புரிய வைத்தது 1937 கோடைக்காலம். ஜார்ஜ் ஈ. லீயின் குழுவோடு ஓசார்க் மலைப்பகுதியின் ஓர் ஓய்வு விடுதியில் வாசிக்கப் போனார் பார்க்கர். தினமும் மேடை. மற்ற நேரம் கற்றுக்கொள்ள. கிதார் கலைஞர் எஃபெர்ஜ் வேரும் பியானோ வாசித்த கேரி பவலும் கார்டுகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு எப்படி நகர்கின்றன என்று அவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். கவுன்ட் பேஸியின் இசைக்குழுவில் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் தனியாக வாசித்த பகுதிகள், அதாவது சோலோக்கள், கொண்ட இசைத்தட்டுகளைக் கையோடு கொண்டுபோயிருந்தார். திரும்பத் திரும்பக் கேட்டு அந்த சோலோக்களை மனப்பாடம் செய்தார். இலையுதிர் காலத்தில் ஊர் திரும்பியவரின் வாசிப்பைக் கேட்டவர்கள் அசந்துபோனார்கள். அப்புறம் பஸ்டர் ஸ்மித் என்ற மூத்த ஆல்ட்டோ கலைஞர் தன் குழுவில் சேர்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார வைத்து வளர்த்தார். எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது இந்த ஆட்கள்தான். சிம்பல் அல்ல.

இதையும் யோசித்துப் பாருங்கள். அந்த கிளப்களில் சிரிப்புக்கு ஆளாகி இறங்கிப்போன பையன்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. தப்பி வந்த ஒருவரைக் காட்டி, அடித்தால்தான் வளரும் என்று சொல்வது நியாயமே இல்லை.

நாளுக்கு 11 முதல் 15 மணி நேரம், மூன்று நான்கு ஆண்டுகள் பயிற்சி செய்ததாக 1954-இல் பார்க்கர் சொன்னது உண்மை. ஆனால் அவரது இளமையை முழுதாகப் பாருங்கள். 1936 இறுதியில் ஒரு கார் விபத்தில் விலா எலும்புகள் முறிந்து முதுகெலும்பிலும் அடிபட்டது. வலிக்கு மார்ஃபின் கொடுத்தார்கள். பதின்ம வயதிலேயே தொடங்கிய போதைப் பழக்கம் கடைசிவரை விடவில்லை. 1955-இல் இறந்தபோது வயது 34. உடலைப் பார்த்த மருத்துவர் ஐம்பதைத் தாண்டியவர் என்று நினைத்தார். அவருடைய இசையிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி. அந்த வாழ்க்கைமுறையை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

1993-இல் வெளியான, உளவியலாளர் எரிக்சன் குழுவின் ஆய்வில், பெர்லின் இசைக் கல்லூரியின் சிறந்த வயலின் மாணவர்கள் தனியாகப் பயிற்சி செய்தது வாரத்துக்கு ஏறத்தாழ 24 மணி நேரம். இடையிடையே ஓய்வு எடுத்தார்கள், பகலிலும் தூங்கினார்கள். முதலில் உதட்டுப் புண் ஆறட்டும். அதுவரை வாத்தியத்தை எடுக்காமல், பிடித்த ஒரே ஒரு சோலோவைக் கேட்டு வாயால் பாடிப் பழகுங்கள். அதுவும் பயிற்சிதான். ஆறிய பிறகு ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மேடையில் இடம் தவறிய அந்தப் பாட்டையே எடுத்து, எந்த பாரில் தவறியது என்று பாருங்கள். "எனக்கு ஜாஸ் வராது" என்ற எண்ணம் "இந்த நான்கு பார் எனக்குத் தெரியவில்லை" என்று சுருங்கும்போது மனதின் பாரம் நிறையக் குறையும். பியானோவோ கிதாரோ வாசிக்கும் ஒரு நண்பரைக் கூட உட்கார வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

சாரிடம் தனியாகப் பேசுங்கள். "தப்பைச் சொல்லுங்க சார், திருத்திக்கிறேன். எல்லார் முன்னாடியும் திட்டினா எனக்குக் கை ஓடமாட்டேங்குது" என்று மரியாதையாகச் சொல்லலாம். கேட்டுக்கொண்டால் சரி. கேட்காவிட்டால் வேறு ஆசிரியரிடம் போவது துரோகமும் அல்ல, கோழைத்தனமும் அல்ல.

வயிற்றைப் பிசைவதும் தூக்கமின்மையும் இன்னும் இரண்டு வாரம் நீடித்தால் நேரில் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். அதற்கு முன்பே யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் அரசின் டெலி மானஸ் சேவையை 14416-இல் அழைக்கலாம். இலவசம், தமிழிலேயே பேசலாம். அம்மாவிடமும் இதையெல்லாம் சொல்லுங்கள். நீங்கள் வாசிப்பதை அவர் வெறுக்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் உதட்டையும் கண்ணையும் பார்த்துப் பயந்திருக்கிறார்.