நண்பர்கள் கூடும் இரவுக்கு ‘ஹனாபி’ சீட்டாட்டம் சரிப்படுமா?

ஐந்து பேர் வரை என்றால் தாராளமாக வாங்கலாம். ஆறாவது ஆள் வந்தால் ஒருவர் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். 2013இல் ஜெர்மனியின் ‘ஸ்பீல் டெஸ் யாரெஸ்’ (ஆண்டின் ஆட்டம்) விருது பெற்ற சீட்டாட்டம் இது. உங்கள் கைச்சீட்டு உங்களுக்கே தெரியாது. முகப்பக்கம் மற்றவர்களுக்குத் தெரியும்படி பிடிக்க வேண்டும். எல்லோரும் ஒரே அணிதான். ஐந்து நிறங்களிலும் 1 முதல் 5 வரை வரிசையாக அடுக்க வேண்டும். மற்றவரின் சீட்டைப் பற்றி நிறத்தையோ எண்ணையோ மட்டும் ஒரு குறிப்பாகச் சொல்லலாம், ஒரு குறிப்புக்கு ஒரு வில்லை செலவாகும், இருப்பதோ 8 வில்லைகள்தான். ஒரு சீட்டைக் கழித்தால் ஒரு வில்லை திரும்பக் கிடைக்கும். மூன்று முறை தப்பாக வைத்தால் ஆட்டம் முடிந்தது.

‘இவர் ஏன் இப்போது இதைச் சொன்னார்?’ என்று யோசிப்பதில்தான் இதன் ருசியே இருக்கிறது. அதனால் அரட்டைக் கூட்டத்துக்கு ஒத்துவராது. முகம் சுளித்தால்கூட அது குறிப்பாகிவிடும். முதலில் மூன்று பேரோடு ஆடிப் பாருங்கள்.