செஞ்சிலுவை இருந்தால் குண்டு விழாதா?

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். தெற்கு சூடானில் உள்ள ஒரு தொண்டு மருத்துவமனைக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் வேலை வந்திருக்கிறது. "கட்டடத்தின் மேல் செஞ்சிலுவை இருக்கும், ஜெனீவா சட்டம் இருக்கிறது, யாரும் தொட மாட்டார்கள்" என்கிறார் ஏஜென்ட். "ஆயுதம் வைத்திருப்பவனுக்கு வைத்தியம் பார்த்தால் அந்தச் சட்டம் செல்லாது" என்கிறான் தம்பி. யார் சொல்வது சரி? கையெழுத்துப் போடும் முன் எதையெல்லாம் கேட்க வேண்டும்?

பதில்: தம்பி சொல்வது தவறு. ஏஜென்ட் சொல்வது பாதி சரி. அந்தப் பாதியை நம்பி மட்டும் கிளம்பிவிடாதீர்கள்.

முதலில் தம்பியின் சந்தேகம். காயம்பட்டுச் சண்டையை விட்டவன் யாராக இருந்தாலும் நோயாளிதான். அவனுக்குக் கட்டுப் போட்டதற்காக உங்களைத் தண்டிக்கக் கூடாது என்று ஜெனீவா ஒப்பந்தங்களோடு சேர்க்கப்பட்ட 1977ஆம் ஆண்டின் இரண்டாம் கூடுதல் நெறிமுறை, 10ஆம் பிரிவில் சொல்கிறது. உள்நாட்டுப் போர்களுக்கென்றே எழுதப்பட்ட நெறிமுறை இது. வார்டு முழுக்கக் காயம்பட்ட போராளிகள் படுத்திருந்தாலும் மருத்துவமனை மருத்துவமனைதான். கொண்டுவந்தவனின் இடுப்பிலிருந்து எடுத்த துப்பாக்கி இன்னும் ஒப்படைக்கப்படாமல் மூலையில் கிடந்தாலும் பாதுகாப்பு போய்விடாது. 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா ஒப்பந்தம் 19ஆம் பிரிவில் இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது.

மாடியில் கண்காணிப்புக்கு ஆள் நிறுத்தினாலோ, வளாகத்திலிருந்து சுட்டாலோ, கிடங்கில் வெடிமருந்து அடுக்கினாலோ பாதுகாப்பு போய்விடும். அப்போதும் உடனே தாக்கிவிட முடியாது. எச்சரிக்க வேண்டும், சூழ்நிலை இடம் கொடுத்தால் அவகாசம் தர வேண்டும், அதையும் மதிக்காவிட்டால்தான் அடுத்த கட்டம். அந்தக் கட்டத்திலும் உள்ளே கிடக்கும் நோயாளிகளைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

சட்டம் இவ்வளவு தெளிவு. நடப்பு வேறு. 2015 அக்டோபர் 3 அதிகாலை, ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் நகரில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் விபத்துச் சிகிச்சை மருத்துவமனையை அமெரிக்க ஏசி-130 விமானம் சுட்டுத் தீர்த்தது. 42 பேர் இறந்தார்கள். அவர்களில் 14 பேர் ஊழியர்கள். கூரையில் அமைப்பின் கொடி விரித்திருந்தது. ஊரே இருட்டில் கிடக்க, ஜெனரேட்டர் புண்ணியத்தில் அந்தக் கட்டடத்தில் மட்டும் விளக்கெரிந்தது. ஜிபிஎஸ் குறியீடுகளை எல்லாத் தரப்புக்கும் முன்பே கொடுத்திருந்தார்கள். கடைசியாகக் கொடுத்தது செப்டம்பர் 29. தாக்கக் கூடாத இடங்களின் பட்டியலிலும் அந்த மருத்துவமனை இருந்தது.

பிறகு எப்படி நடந்தது? விமானம் அவசரமாகக் கிளம்பியதால் அந்தப் பட்டியல் அதில் ஏறவில்லை. இலக்கென்று கொடுத்த குறியீடு ஒரு வெற்று நிலத்தைக் காட்டியது. வேறொரு கட்டடத்துக்குச் சொன்ன அடையாளம் அருகிலிருந்த மருத்துவமனைக்குப் பொருந்துவதாகக் குழுவினர் முடிவு கட்டினார்கள். தாக்குதலுக்கு நடுவே ஊழியர்கள் போன் போட்டுக் கதறியும் சுடுவது உடனே நிற்கவில்லை. 16 பேர் மீது துறை நடவடிக்கை எடுத்ததோடு சரி, குற்ற வழக்கு இல்லை. தவறுதான் என்று அமெரிக்காவே ஒப்புக்கொண்ட சம்பவத்தின் கதி இது.

தெரிந்தே அடிப்பது இன்னொரு வகை. நம் வாசகர்கள் பலருக்கு வன்னியை நினைவூட்டத் தேவையில்லை. 2009 ஜனவரி 29 முதல் பிப்ரவரி 4 வரை புதுக்குடியிருப்பு மருத்துவமனை ஒவ்வொரு நாளும் எறிகணைக்கு இலக்கானது, குறைந்தது ஒன்பது முறை நேரடியாகவே விழுந்தது என்று ஐ.நா. நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்கிறது. அதன் இருப்பிடம் அரசுக்கு நன்றாகத் தெரியும் என்கிற அதே அறிக்கை, மருத்துவமனை போன்ற இடங்களுக்கு அருகே புலிகள் ஆயுதத் தளவாடங்களை வைத்ததையும் அங்கிருந்து சுட்டதையும் குற்றம் சாட்டுகிறது. நீங்கள் போகவிருக்கும் நாட்டிலும் 2025 மே 3 அன்று ஓல்ட் ஃபாங்காக் மருத்துவமனை மீது ஹெலிகாப்டரிலிருந்து குண்டு விழுந்து மருந்தகம் எரிந்துபோனது.

ஆகவே "சின்னம் இருக்கிறதா?" என்று கேட்பதில் பயனில்லை. (நம்மூர் டாக்டர்கள் காரில் ஒட்டிக்கொள்ளும் செஞ்சிலுவையை 1960ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. அந்தச் சின்னத்தை அனுமதி பெற்றவர்கள்தான் பயன்படுத்தலாம்.) மருத்துவமனையின் இருப்பிடக் குறியீட்டை எந்தெந்தத் தரப்புக்குக் கொடுத்திருக்கிறார்கள், கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று கேளுங்கள். அரசுக்கு மட்டும் கொடுத்துவிட்டு எதிர்த்தரப்போடு பேச்சே இல்லையென்றால் அது அரைக் காப்பு. தாக்குதல் தொடங்கினால் யாருக்குப் போன் செய்வார்கள், அந்த எண் இரவு இரண்டு மணிக்கும் எடுக்கப்படுமா என்பதையும் கேளுங்கள். சரியான நிறுவனத்தில் இதற்குத் தயாராக ஒரு பதில் இருக்கும். மழுப்பினால் நீங்கள் போக வேண்டாம் என்பேன்.

அடுத்தது வாசல். என் கணக்கில் மருத்துவமனையின் தரத்தை அங்கேதான் பார்க்க வேண்டும். ஆயுதம் உள்ளே வரக் கூடாது என்ற விதி எல்லோருக்கும் பொருந்துகிறதா, இல்லை தளபதி வந்தால் மட்டும் தளர்கிறதா? துப்பாக்கியை யார் வாங்குகிறார்கள், எங்கே வைக்கிறார்கள்? கூட வந்த தோழன் வெளியே கொண்டுபோய்விட வேண்டும் என்ற ஏற்பாடே நல்லது. ராணுவ ஜீப்பில் ஊழியர்களை அழைத்துப் போகும் வழக்கம் இருந்தால் அதுவும் ஆபத்து.

நீங்கள் விபத்துப் பிரிவில் இருப்பதால் ஒன்றைத் தனியாகச் சொல்கிறேன். இங்கே குண்டுக் காயத்தோடு ஒருவர் வந்தால் கை தானாக எம்.எல்.சி. (போலீஸ் வழக்காகக்கூடிய காயங்களைக் குறிக்கும்) பதிவேட்டுக்குப் போகும், போலீஸுக்குத் தகவல் பறக்கும். அங்கே அதே பழக்கம் ஒரு நோயாளியைப் படுக்கையிலிருந்தே இழுத்துப்போக வைக்கலாம்; மறுநாளிலிருந்து அந்தத் தரப்பின் காயக்காரர்கள் யாரும் உங்களிடம் வர மாட்டார்கள். அந்த நாட்டுச் சட்டம் எதைத் தெரிவிக்கச் சொல்கிறது, யார் தெரிவிக்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். கேஸ் ஷீட்டில் காயத்தை எழுதுங்கள்; எந்தப் படை, எந்த ஊர்ச் சண்டை என்பதெல்லாம் வேண்டாம். வார்டில் செல்ஃபி கூடவே கூடாது. பின்னால் தெரியும் ஒரு முகம் போதும்.

தங்குமிடத்தில் மணல் மூட்டை அடுக்கிய பாதுகாப்பு அறை உண்டா, ஜன்னல் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் குண்டு விழுந்ததும் உதவிக்கு வெளியே ஓடாதீர்கள். அதே இடத்தில் இரண்டாவதும் விழுவது சிரியாவில் அடிக்கடி நடந்தது.

இனி காகித வேலை. தொண்டு நிறுவனம் என்கிறீர்கள், நடுவில் ஏஜென்ட் எதற்கு? செஞ்சிலுவைச் சங்கமோ எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்போ வேலைக்கு ஆள் எடுக்கப் பணம் வாங்குவதில்லை. தெற்கு சூடான் உட்பட 18 நாடுகளுக்குச் செல்லும் இந்தியச் செவிலியருக்கு 2015 முதல் எமிகிரேஷன் கிளியரன்ஸ், அதாவது வேலைக்காக வெளிநாடு செல்ல இந்திய அரசு தரும் அனுமதி, கட்டாயம். சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். சந்தேகமிருந்தால் சென்னையில் உள்ள தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரிக்கலாம்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடுங்கள்: நிலைமை மோசமானால் வெளியேற்றும் முடிவை யார் எடுப்பார்கள், நீங்களே "போதும், கிளம்புகிறேன்" என்றால் சம்பளம் பிடிக்காமல் விடுவார்களா. 2014இல் ஈராக்கின் திக்ரித்தில் 46 இந்திய நர்ஸுகள் மருத்துவமனைக்குள் மாட்டிக்கொண்டபோது, பாக்கிச் சம்பளமும் ஊர்க் கடனும் பலரைக் கடைசிவரை கிளம்பவிடாமல் பிடித்துவைத்தன. பாஸ்போர்ட் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும். இங்கே எடுத்த விபத்துக் காப்பீட்டில் போரால் ஏற்படும் காயத்துக்குப் பணம் கிடையாது என்ற வரி பெரும்பாலும் இருக்கும். நிறுவனமே தனிக் காப்பீடு எடுக்கிறதா என்று கேட்டு அதன் நகலை வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். தெற்கு சூடானின் தலைநகர் ஜூபாவில் இறங்கியதும் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.