கழுத்தில் ஊசி போட்ட பிறகும் பேச வேண்டுமா?

கேள்வி: அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றி ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய என் கணவருக்கு, கொடிய அனுபவங்களுக்குப் பின் வரும் மனநோயான பிடிஎஸ்டி. சிறு ஓசைக்கும் துடித்து எழுகிறார் என்பதால், சமையல் மேடையில் துணி விரித்துத்தான் பாத்திரம் வைக்கிறேன். பேச்சு சிகிச்சையை இரண்டு முறை பாதியில் விட்டுவிட்டார். கழுத்தில் ஊசி போட்டபின் மீண்டும் அதைத் தொடங்கலாம் என்கிறார் மருத்துவர். ஊசியே போதும் என்கிறார் இவர். என்ன செய்வது?
- டெக்சாஸிலிருந்து ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கணவர் ஊசிக்கு இசைந்தது நல்லது, ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

கழுத்தின் அடியில் ஸ்டெல்லேட் கேங்லியன் என்றொரு நரம்பு முடிச்சு இருக்கிறது. ஆபத்து வந்தால் நெஞ்சைப் படபடக்க வைத்து உடலை உஷார்ப்படுத்தும் பரிவு நரம்பு மண்டலத்தைச் சேர்ந்தது அது. அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி, பெரும்பாலும் வலப்பக்கத்தில், ரோபிவகைன் போன்ற மரப்பு மருந்தை அதைச் சுற்றிச் செலுத்துவார்கள். ஊசி பலித்ததற்கு அடையாளமாக அந்தப் பக்கத்துக் கண்ணிமை சரியும், கண்ணின் பாப்பா சுருங்கும்; குரலும் கம்மலாம். சில மணி நேரத்தில் இவை தாமாகவே சரியாகிவிடும் என்பதால், வீடு திரும்பியவரின் முகத்தைப் பார்த்துப் பதறாதீர்கள். அரிதாக, மருந்து ரத்தக்குழாய்க்குள் போய் வலிப்பு வருவதுண்டு. ஆகவே அவசர சிகிச்சை வசதியுள்ள இடத்திலேயே போட்டுக்கொள்ள வேண்டும்.

இதன் பலன் குறித்து ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2016இல் வெளியான ஓர் ஆய்வில் மெய்யான ஊசிக்கும், ஒப்பிட்டுப் பார்க்க மரப்பு மருந்தில்லாமல் போடும் போலி ஊசிக்கும் வேறுபாடு தெரியவில்லை. பிறகு மூன்று ராணுவ மருத்துவமனைகளில் 113 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், எட்டு வார முடிவில், நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் மெய்யூசி பெற்றவர்களுக்கு 12.6 புள்ளியும் போலி ஊசி பெற்றவர்களுக்கு 6.1 புள்ளியும் குறைந்தது. பலன் உண்டு, ஆனால் நோயையே துடைத்தெடுக்கும் பலன் அல்ல.

அவர் இரண்டு முறை விட்டுவிட்டதை மன உறுதிக் குறைவு என்று தயவுசெய்து எண்ணாதீர்கள். புரொலாங்டு எக்ஸ்போஷர் என்ற பேச்சு சிகிச்சையில், கண்ணை மூடிக்கொண்டு, அந்த நாளை இப்போது நடப்பதுபோல் சொல்லி, அந்தப் பதிவை வீட்டிலும் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். சொல்லத் தொடங்கியதுமே நெஞ்சு அடித்துக்கொண்டு கை வியர்க்கும்போது, எழுந்து போய்விடத்தான் தோன்றும். உடலின் அந்தக் கொந்தளிப்பைத் தணித்து, அவரை நாற்காலியில் இருத்தி வைக்க ஊசி உதவக்கூடும். ஆனால் ‘அன்று வேறு வழியில் போயிருந்தால் அவன் பிழைத்திருப்பானே’ என்பது போன்ற குற்ற உணர்வு ஒருவரை அரித்துக்கொண்டிருந்தால், அதை எந்த மருந்தும் தொடாது. பேசித்தான் அவிழ்க்க வேண்டும். இரண்டு வாரத்தில் நாள்தோறும் பேச்சு சிகிச்சை, முதல் இரண்டு அமர்வுகளுக்கு நடுவே ஊசி என்று சேர்த்துச் செய்த ஒரு முன்னோட்ட ஆய்வு நம்பிக்கை தருகிறது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 12 பேர்தான், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை.

எனவே ஊசிக்கு நாள் குறிக்கும்போதே, அதையொட்டிய நாள்களில் பேச்சு சிகிச்சைக்கும் நேரம் வாங்கிவிடுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு எப்போது எழுந்தாலும் தாமதிக்காமல் 988ஐ அழைத்து 1ஐ அழுத்துங்கள். முன்னாள் படைவீரர்களுக்கான உதவி உடனே கிடைக்கும்.

மேடையில் விரித்த துணியைப் பற்றியும் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். அன்பினால் விரித்ததுதான், ஆனாலும் ஓசைக்கு மெல்லப் பழகுவதும் இச்சிகிச்சையின் ஒரு பகுதி என்பதால், அதை எப்போது மடித்து வைப்பது என்பதை அவரே சிகிச்சையாளரோடு கலந்து முடிவு செய்யட்டும்.