முதலில் சங்கம், சீட்டை அப்புறம் பார்க்கலாம்

பூம்பாறையிலிருந்து போன மாதம் ஒரு குடும்பம், மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க, கொடைக்கானலுக்கு என்னைப் பார்க்க வந்தது. அப்பா மலைப்பூண்டு போடுகிறவர். மகள் பிளஸ் டூ. கல்யாணப் பத்திரிகையின் பொடி எழுத்தைக்கூட அவள் வாசித்துவிடுகிறாள். ஆனால் திண்ணையில் கிடக்கும் பூண்டு மூட்டை தட்டி விழுகிறாள். இருட்டத் தொடங்கினால் சுவரைத் தடவித்தான் நடக்கிறாள். "நடிக்கிறா" என்று உறவில் சிலர் சொன்னார்களாம். மதுரையில் டாக்டர் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த நோயில் பெரும்பாலும் இரவுப் பார்வை முதலில் போகும். அப்புறம் ஓரப் பார்வை சுருங்கிக்கொண்டே வந்து, குழாய் வழியாகப் பார்ப்பது போல ஆகிவிடும்.

அம்மா அழுதார். ஐந்து நிமிடம் ஆறுதல் சொன்னேன். அதற்குள் அப்பா ஒரு தாளை எடுத்து நீட்டினார். மதுரையில் இருக்கும் சித்தப்பா போட்டுக் கொடுத்த கணக்கு அது. தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ், நான்கு வருடத்துக்கு ஆறு லட்சம், காட்டை அடமானம் வைத்தால் கிடைத்துவிடும். அடியில் ஒரு குறிப்பு வேறு: "கண் விஷயம் வெளியே தெரிய வேண்டாம். நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கணும்."

அத்தோடு ஆறுதலை நிறுத்திக்கொண்டேன்.

பார்வை போனவர்களுக்கு கம்ப்யூட்டர் வராது என்பதல்ல என் வாதம். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற இலவச மென்பொருளை 2006-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய மைக்கேல் கரன் பார்வையற்றவர்தான். அந்தப் படிப்பு இந்தப் பெண்ணுக்கு வேண்டாம் என்பதுதான் என் வாதம். என்ன படிக்க ஆசை என்று கேட்டேன். அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்த பிறகு "வக்கீலுக்கு" என்றாள். கிராம சபையில் தண்ணீர்த் தொட்டி பற்றி எழுந்து கேள்வி கேட்டவள் அவள் என்று அம்மா அப்போதுதான் சொன்னார். ஆசைப்படாத படிப்புக்கு, விளைகிற நிலத்தை அடகு வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

எந்தக் கல்லூரி என்பதை இப்போதைக்கு விடுவோம். மதுரை அரசு சட்டக் கல்லூரி 1979 முதல் இருக்கிறது, அது எங்கும் போய்விடாது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பெற்றோர் யாரும் அதைக் கேட்டு என்னிடம் வருவதில்லை. பிள்ளையைப் பார்வையற்றோர் சங்கம் ஒன்றில் சேர்ப்பது.

"சங்கமா? கொடி பிடிக்கவா?" என்றார் அப்பா. தேவைப்பட்டால் அதுவும்தான்.

இதில் ஒரு வித்தியாசம் புரிய வேண்டும். பார்வையற்றோருக்காக மற்றவர்கள் நடத்தும் அமைப்புகள் உண்டு. அரிசி தருவார்கள், கைத்தடி தருவார்கள், போட்டோ எடுப்பார்கள். தேவைதான், குறை சொல்லவில்லை. பார்வையற்றோரே உறுப்பினராகி, ஓட்டுப் போட்டு, தங்களில் ஒருவரைச் செயலாளராக்கி நடத்தும் அமைப்பு வேறு. 1970-ல் தொடங்கிய நேஷனல் ஃபெடரேஷன் ஆஃப் தி பிளைண்ட் அந்த வகை. பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டவும் கூடாது. மதுரையில் இருக்கும் இந்தியன் அசோசியேஷன் ஃபார் தி பிளைண்ட் சேவை நிறுவனம்தான், ஆனால் 1985-ல் அதைத் தொடங்கிய எஸ்.எம்.ஏ. ஜின்னா பார்வை இழந்தவர். யார் கையில் முடிவு இருக்கிறது என்று பாருங்கள்.

அந்த ஃபெடரேஷன் என்ன செய்தது என்பதை வக்கீல் ஆசை உள்ள பெண்ணிடம் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். சிவில் சர்வீஸ் தேர்வை பிரெய்லிலோ, சொல்வதை எழுதுபவரை வைத்தோ எழுத அனுமதி கேட்டு உச்ச நீதிமன்றம் போனது. 1993-ல் வென்றது. வேலை ஒதுக்கீடு விஷயத்தில், 'இந்தப் பதவி மாற்றுத்திறனாளிக்கு ஏற்றது' என்று தாங்களே தேர்ந்தெடுத்த சில இடங்களை மட்டும் வைத்து அரசுத் துறைகள் மூன்று சதவீதத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன. மொத்தக் காலியிடங்களை வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்று 2013-ல் தீர்ப்பு வாங்கியதும் அதே அமைப்புதான். வாதாடிய மூத்த வழக்கறிஞர் எஸ்.கே. ருங்டாவும் பார்வையற்றவர். அந்த இடத்தில் அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இன்றைக்கு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ஒதுக்கீடு நான்கு சதவீதம். அதில் ஒரு சதவீதம் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளோருக்கும்.

"வக்கீல் ஆகலாம், ஜட்ஜ் ஆக முடியாதாமே?" என்று அப்பா கேட்டார். சித்தப்பா சொன்னதுதான். 2025 மார்ச் 3-ல் உச்ச நீதிமன்றம் அதையும் உடைத்துவிட்டது. பார்வை இல்லை என்பதற்காக நீதித்துறைப் பணியை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அந்த வழக்கு எங்கே தொடங்கியது தெரியுமா? மத்தியப் பிரதேசத்தில் பார்வையற்ற பிள்ளையைப் பெற்ற ஓர் அம்மா தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதத்தில். அழுதுகொண்டிருந்த அம்மாவைப் பார்த்துத்தான் இதைச் சொன்னேன்.

தீர்ப்புகளை விடுங்கள், அன்றாடத்துக்கு வருவோம். சங்கக் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்கா பஸ் ஏறி இறங்குவதை எப்படிப் பழகினாள், தடித்தடியான சட்டப் புத்தகங்களை ஸ்கேன் செய்து எப்படிக் கேட்கிறாள், ரூபாய் நோட்டைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கியின் 'மணி' (MANI) என்ற செயலியை எப்போது நம்பலாம், தேர்வில் சொல்வதை நன்றாக எழுதக்கூடிய ஸ்கிரைப் யாரிடம் கிடைப்பார், இவையெல்லாம் எந்தக் கவுன்சலருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. ரொம்ப வருடம் முன்பு பார்வையற்ற கீழ்மலைப் பையன் ஒருவனை வயர் நாற்காலி பின்னும் பயிற்சிக்கு அனுப்பினேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. ரயிலில் பழகிய சங்கத்து நண்பர் ஒருவர் சொல்லித்தான் அவன் வங்கித் தேர்வு எழுதினான். வேலை கிடைத்த பிறகு என்னிடம் வந்து, "சார், நீங்க ஏன் அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டான். பதில் இல்லை.

எழுத்து தெரிகிறதே, மாற்றுத்திறனாளி சான்றிதழ் எப்படித் தருவார்கள் என்ற சந்தேகமும் இவர்களுக்கு இருந்தது. சட்டம் எழுத்தை மட்டும் பார்ப்பதில்லை. பார்வைப் பரப்பு 40 டிகிரிக்குக் கீழே போனாலே குறைபார்வை, 10 டிகிரிக்கும் கீழே போனால் பார்வையின்மை. இந்தப் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மருத்துவக் குழு முன் போங்கள். மாற்றுத்திறனாளி அட்டை வந்தால்தான் மற்றதெல்லாம் நகரும். மணிக்கு 20 நிமிடம் வீதம், 3 மணி நேரத் தேர்வில் 1 மணி நேரம் கூடுதலாகக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. மாப்பிள்ளைக்காக மறைத்ததில் இத்தனை தேர்வுகளை அந்த நேரம் இல்லாமலே எழுதியிருக்கிறாள். இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

பெற்றோருக்கும் இடம் உண்டு. தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் பெயரிலேயே உங்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. 'மாற்றுத்திறனாளி கோட்டாவில் வேலை வாங்கித் தருகிறேன், அட்வான்ஸ் கொடுங்கள்' என்று வருகிறவனைக் கண்டுபிடிக்கவும் சங்கத்து ஆட்கள்தான் லாயக்கு. அப்படி எவனுக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

முதல் கூட்டத்துக்கு அப்பா கூடப் போகலாம். ஆனால் பெயர் என்ன, என்ன படிக்கிறாய் என்று யாராவது கேட்டால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் வெளியே போய் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்றேன். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, அப்போ பூண்டு விற்ற காசை என்ன செய்வது என்று கேட்டார். ஒரு லேப்டாப், நல்ல இயர்போன், மடக்கும் வெள்ளைத் தடி ஒன்று, மதுரைக்குப் போய்வர பஸ் காசு என்றேன். மீதி காட்டுக்கு உரமாகப் போகட்டும்.