அடைப்புக்குறிக்குள் ஒரு போர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1927இல் வெளியிட்ட ‘டு தி லைட்ஹவுஸ்’ நாவலை இப்போதுதான் முடித்தேன். ஒரு சாயங்காலத்துக்குப் பாதிப் புத்தகத்துக்கு மேல். முதல் உலகப் போரில் அந்த வீட்டு மகன் சாவதற்கு அடைப்புக்குறிக்குள் ஒரு வரி. ஒரு தலைமுறையே அழிந்த காலத்தில் இப்படி மனசுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கலாமா? மன ஓட்டத்தையே எழுதும் இந்த நவீனத்துவ இலக்கியத்தின் மேல் எனக்குள்ள வருத்தமே இதுதான்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதல் வாசிப்பில் நானும் அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டு, திடுக்கிட்டுத் திரும்பி வந்தேன். பிரான்சில் ஒரு குண்டு வெடிக்கிறது. இருபது முப்பது இளைஞர்கள் சாகிறார்கள். அவர்களில் ஆண்ட்ரூ ராம்சேயும் ஒருவன். நல்லவேளையாக, உயிர் உடனே போய்விட்டது. அவ்வளவுதான். அந்த ‘நல்லவேளையாக’வைக் கவனியுங்கள். போர்முனையில் இறந்த பிள்ளைகளின் வீட்டுக்கு மேலதிகாரிகள் எழுதிய ஆறுதல் கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த பேச்சு அது: வலியில்லாமல், உடனே போய்விட்டான். பல சமயம் அது உண்மையில்லை. ஆனால் பெற்றவர்கள் கைக்கு வந்தது அந்த ஒரு வரிதான். பதுங்குகுழியை அவர்கள் பார்க்கவில்லை, வுல்ஃபும் பார்க்கவில்லை. வீட்டுவாசல் வரை வந்த போரை மட்டும் அவர் எழுதினார். அதை நான் நேர்மை என்றே சொல்வேன்.

சரி, அந்த வரிக்குச் சற்று முன்னால் பாருங்கள். ராம்சே குடும்பத்தின் ஆளில்லாத வீடு. கம்பளித் துணியின் மேல் சுத்தியல் விழுவதுபோல, எங்கிருந்தோ மந்தமான அடிகள். என்ன சத்தம் என்று சொல்வதில்லை. ஒவ்வோர் அதிர்வுக்கும் ஒரு சால்வை நெகிழ்கிறது, தேநீர்க் கோப்பைகள் விரிசல் விடுகின்றன. குழந்தை பயப்படாமல் தூங்கட்டும் என்று ஆண்ட்ரூவின் அம்மா திருமதி ராம்சே முன்பு தன் மேலிருந்து கழற்றி, சுவரில் அடித்திருந்த பன்றி மண்டையோட்டில் சுற்றிவைத்த அதே சால்வை. இப்போது அம்மாவும் உயிரோடு இல்லை, அவள் கட்டிய கட்டும் அவிழ்கிறது. ஒரு சமூகம் குலைவதை இதைவிடக் கிட்டத்தில் காட்டிய பக்கம் எனக்குத் தெரியாது.

ஓர் இடத்தில் உங்கள் வருத்தத்தோடு நானும் சேர்கிறேன். அந்த வீட்டைத் தூசு தட்டி மீட்கும் வேலைக்காரக் கிழவி மெக்நாபை வுல்ஃப் மேலிருந்துதான் பார்க்கிறார், புத்தி மட்டானவள் என்கிறார். ஆனாலும் நடந்ததை நேராகச் சொல்பவள் அவள்தான். இந்த வருஷங்களில் எல்லோரும் யாரையாவது பறிகொடுத்தார்கள் என்று நினைத்துக்கொள்கிறாள். அடுத்த நினைப்பு, விலைவாசி அநியாயத்துக்கு ஏறிவிட்டது, இறங்கவே இல்லை.