கவனிக்காத பேச்சிலும் நம் பெயர் காதில் விழுவது ஏன்?

பல குரல்களுக்கு நடுவே ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கும் மனத்தின் திறனே தேர்ந்த கவனம். 1953-இல் ஆய்வாளர் காலின் செர்ரி, இரு காதுகளிலும் வெவ்வேறு பேச்சுகளை ஒலிக்கச் செய்து, ஒன்றை மட்டும் கேட்கக் கேட்க உரக்கத் திருப்பிச் சொல்லும்படி பணித்தபோது, மறு காதில் ஆங்கிலம் ஜெர்மனாக மாறியதைக்கூடப் பங்கேற்றோர் உணரவில்லை; ஆண் குரல் பெண் குரலானதை உணர்ந்தார்கள். அப்படியானால் ஒதுக்கிய பேச்சின் பொருள் முற்றிலும் தடுக்கப்படுகிறதா? இல்லை, அது அணைக்கப்படாமல் தணிக்கப்படுகிறது என்பது உளவியலாளர் ஆன் டிரீஸ்மனின் விளக்கம். எனக்கு இதுவே மிகவும் ஏற்புடையதாகத் தோன்றுகிறது. சொந்தப் பெயர் போன்ற சொற்களை அடையாளம் காண மங்கிய ஒலியே மனத்துக்குப் போதும். சமையலில் மூழ்கியவர், மெல்ல ஓடும் வானொலியில் பிடித்த பாட்டு வந்ததும் தலை நிமிர்வதைப் போன்றது இது. ஆனால், பெயர் ஒலித்தால் எல்லோருக்கும் கேட்டுவிடும் என்பது பிழையான நம்பிக்கை: 1959-இல் நெவில் மோரே நடத்திய ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே தம் பெயரைக் கவனித்தார்.